வேகமும் தண்டமும்: மன்னார்க் கரையோர வீதிகளை முன்வைத்து

மன்னார்த் தீவும் அதனை அடுத்துள்ள பெருநிலக் கரையும் மேடு பள்ளமற்ற சமதரையாகும். மதவாச்சியிலிருந்து மேற்கு நோக்கி வரும் ஏ 14 வீதி முருங்கனையும் உயிலங்குளத்தையும் கடந்து, கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளினூடாகவும் வங்காலைச் சதுப்பு நிலத்தினூடாகவும் ஓடி, தாம்போதி வழியாகத் தீவினுட் புகுந்து, பேசாலையைத் தாண்டித் தலைமன்னாரில் முடிகின்றது. யாழ்ப்பாணத்தினின்று சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாக வரும் ஏ 32 வீதியும் இத்தகையதே. வளைவுகள் குறைவு, ஏற்ற இறக்கம் இல்லை, எதிரே வருவது நெடுந்தொலைவிலேயே தெரியும். நண்பகலிற் கானல் ஒன்றே கண்ணை மயக்கும். இத்தகைய வீதியிற் சாரதியின் கால் அவன் அறியாமலே அழுந்துதல் இயல்பு.

ஒரு தலைமுறைக்கு முன்னர் அவ்வாறு அழுந்துவதற்கு இடமிருக்கவில்லை. 1990இல் பழைய மன்னார்ப் பாலம் போரில் அழிந்தது. அதன் பின்னர் இருபது ஆண்டுகள் இப்பகுதி மக்கள் குழிகளுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் இடையே ஊர்ந்தே சென்றனர். புதிய பாலம் 2010இலும் சங்குப்பிட்டிப் பாலம் 2011இலும் திறக்கப்பட்டன. 2015 மார்ச்சு மாதத்திற் புகையிரதம் மீண்டுந் தலைமன்னாரை அடைந்தது. வீதிகள் காப்பெற் இடப்பட்டு மெருகேறின. நாற்பதுக்கு மேல் ஓடினால் அச்சு முறியும் என்னும் அச்சத்தில் வண்டியோட்டப் பழகிய மக்களுக்கு, எண்பதில் ஓடினும் தேநீர் சிந்தாத வீதி கிடைத்தது. வேகவரம்பு என்னும் சொல் இவர்களுக்கு உண்மையிற் பொருள் பெற்றது இதன் பின்னரே.

இலங்கையில் மோட்டார் வாகனப் போக்குவரத்தினை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களுமாம். சாதாரண மோட்டார்க் காருக்குக் குடியிருப்புச் செறிந்த பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றரும், அவற்றிற்குப் புறம்பே 70 கிலோமீற்றரும் உச்ச வேகமாகும். முச்சக்கர வண்டி முதலியவற்றுக்கு வரம்பு இதனினுங் குறைவு. வரம்பை மீறிய அளவின் நூற்றுவீதத்துக்கேற்பத் தண்டம் படிப்படியாக உயர்கின்றது. அவற்றுட் கீழ்ப்படி, நூற்றுக்கு 20 வரை மீறியோர்க்கு உரியது. ஐம்பது விதிக்கப்பட்ட இடத்தில் ஐம்பத்தெட்டில் ஓடியவன் இப்படியில் நிற்பவன். கொலைகாரனைப் போல் விரைந்தவனல்லன், குடித்தவனுமல்லன், தன்னைக் குற்றவாளி என்று அவன் நினைப்பதுமில்லை. ஆயினும் கருவி அவனைப் பிடித்துவிடுகின்றது. இச்சிறு மீறலைத் தண்டித்தல் நீதியா, அன்றி அரசின் பணப்பெட்டியை நிரப்பும் வழியா என்னும் வினாவே எழுகின்றது. பேசாலையின் மீன்வண்டிச் சாரதி முதற் கல்லூரி ஆசிரியர் வரை பலர் வாயிலும் இவ்வினா உண்டு. இதற்கு விடை காணுமுன் கருவி வேகத்தை எங்ஙனம் அறிகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

வேகத்தைக் கருவியால் அளந்து தண்டித்தல் புதிய வழக்கமன்று. இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தில் 1896ஆம் ஆண்டு மணிக்கு எட்டு மைல் வேகத்தில் மோட்டார் வண்டியோட்டிய ஒருவர் தண்டிக்கப்பட்டார். அங்கே வரம்பு இரண்டு மைல். வேகக் கமெராவை உருவாக்கியவருட் பெயர் பெற்றவர் ஒல்லாந்தரான மோறிஸ் கற்சோனிடஸ். அவர் 1953ஆம் ஆண்டின் மொன்ரே காலோ மோட்டாரோட்டப் போட்டியில் வென்றவர். தம் வண்டி வளைவுகளில் எத்துணை விரைவாகச் செல்கின்றது என்று அறிந்து மேலும் விரைந்தோடவே அவர் கருவியை நாடினார் என்பது நகைப்பிற்குரிய செய்தி.

இன்று வழங்குங் கருவிகள் பெரும்பாலும் இருவகையின. முதலாவது றேடார். அணுகிவரும் புகையிரதத்தின் ஊதல் கூர்மையாகவும் விலகிச் செல்வதன் ஊதல் தாழ்ந்தும் ஒலிப்பதைத் தலைமன்னார்ப் பாதையோரம் வாழ்வோர் நாடோறுங் கேட்கின்றனர். 1842இல் டொப்ளர் என்னும் ஒஸ்திரிய அறிஞர் விளக்கிய இவ்வுண்மையே றேடாருக்கு அடிப்படை. கருவி நொடிக்கு ஏறத்தாழ 2,415 கோடி அலைவுகள் கொண்ட வானொலி அலையை அனுப்புகின்றது. அவ்வலை எதிர்வரும் வண்டியிற் பட்டுத் திரும்புகையில் அலைவெண் சிறிது கூடியிருக்கும். வண்டி 50 கிலோமீற்றர் வேகத்தில் வருமாயின் அக்கூடுதல் நொடிக்கு ஏறத்தாழ 2,230. 58 கிலோமீற்றராயின் ஏறத்தாழ 2,590. கோடிகளுக்கு நடுவே முந்நூற்றறுபது அலைவுகளின் வேறுபாட்டைக் கண்டறிதல் மின்னணுவியலுக்கு அரிதன்று.

இரண்டாவது லேசர்க் கருவி. இது மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, ஒவ்வொன்றும் போய்த் திரும்ப எடுத்த நேரத்தை அளக்கின்றது. நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லுந் தூரம் 30 சென்ரிமீற்றர். ஆதலின் வண்டி எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதைக் கருவி திரும்பத் திரும்ப அறிந்து, தொலைவு குறையும் விரைவிலிருந்து வேகத்தைக் கணிக்கின்றது. மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வண்டி நொடியின் மூன்றிலொரு பங்கில் ஐந்தரை மீற்றர் முன்னேறிவிடும். கணிப்புக்கு அதுவே போதுமானது. றேடாரின் கற்றை அகன்றது. சிறுவண்டிக்குப் பின்னால் வரும் பெரிய லொறியின் வேகத்தை அது காட்டிவிடலாம். லேசர்க் கற்றையோ 300 மீற்றர் தொலைவிலும் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமே கொண்டது. எந்த வண்டியைக் குறிவைத்தனர் என்பதில் ஐயம் குறைவு.

பொலிஸார் வீதியோரத்தில் நிற்பதனாற் கருவி வண்டியை நேர்க்கோட்டிற் பாராது சற்றுச் சாய்வாகவே பார்க்கின்றது. இதனால் அளவு பிழைபடாதா என்று கேட்போருளர். பிழைபடும். ஆனால் அப்பிழை சாரதிக்கு ஆதரவானது. பத்துப் பாகைச் சாய்வில் உண்மை வேகத்தினும் நூற்றுக்கு ஒன்றரை குறைவாகவும், இருபது பாகையில் நூற்றுக்கு ஆறு குறைவாகவும் கருவி காட்டும்.

சாரதியின் முன்னுள்ள வேகமானியும் அவனுக்குத் துணையே. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பிய ஆணைக்குழு வகுத்த வாகன விதிப்படி, வேகமானி உண்மை வேகத்தினுங் குறைத்துக் காட்டுதல் கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் எல்லையுண்டு. உண்மை வேகம் 50 ஆயின் 59 வரை காட்டலாம். ஆகவே ஒழுங்கான வண்டியில் முள் ஐம்பதில் நிற்குமாயின் உண்மை வேகம் ஐம்பதிற்கு மேற்படாது. அளவிற் பெரிய ரயர்களை மாட்டிய வண்டியில் இக்கணக்கு மாறும். அங்கே முள் குறைத்தே காட்டும். முள்ளே அசையாத வேகமானியோடு ஓடும் பழைய மோட்டார்ச் சைக்கிள்களுக்கு இவ்விதிகளால் ஒரு பயனுமில்லை.

இவ்வளவும் இருந்தும் கருவி சிறிது பிழைபடலாம் என்பதை ஏற்றுப் பிற நாடுகள் ஒரு கழிவினை வகுத்துள்ளன. செருமனியில் 100 கிலோமீற்றர் வரையுள்ள வேகத்தில் 3 கிலோமீற்றரைக் கழித்தே தண்டம் விதிக்கின்றனர். பிரான்சில் நிலையான கருவிகளுக்கு 5 கிலோமீற்றர் கழிவு. கழிவு இருத்தலினும் அதனை யாவரும் அறிந்திருத்தல் சிறப்பு. கருவி காட்டிய வேகம், கழித்த அளவு, தண்டத்திற்கு எடுத்துக்கொண்ட வேகம் ஆகிய மூன்றும் தண்டப் பத்திரத்தில் எழுதப்படுமாயின், வீதியோரத்து வாக்குவாதங்களுட் பாதி எழமாட்டா.

இனி, சிறு மீறல் உண்மையிற் சிறியதா என்பது. மன்னார் நகரத் தெருக்களிற் கழுதைகள் கூட்டமாகத் திரிவதை யாவரும் அறிவர். அராபிய வணிகர் கொண்டுவந்த விலங்குகளின் வழித்தோன்றல்கள் இவை என்பது வழிவழிச் செய்தி. இரவிலே வீதி நடுவில் அசையாது நிற்கும் இயல்பின. இத்தகைய கழுதையொன்று, அல்லது துவிச்சக்கர வண்டியோடு ஒரு சிறுவன், ஓடிவரும் காருக்கு 28 மீற்றர் முன்னே திடீரெனத் தோன்றுவதாகக் கொள்க. வீதி உலர்ந்தது, பிறேக் நல்லது, நொடிதோறும் வேகம் நொடிக்கு 7 மீற்றர் குறையத்தக்கது. சாரதி கண்டு, உணர்ந்து, காலை வைப்பதற்கு ஒரு நொடி செல்லும்.

ஐம்பதில் வந்த கார் அந்த ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடி, பின்னும் ஏறத்தாழ 14 மீற்றரில் நின்றுவிடும். சிறுவனுக்கும் காருக்கும் இடையே ஒரு சாண் எஞ்சும். ஐம்பத்தைந்தில் வந்ததோ முதல் நொடியிலேயே 15 மீற்றருக்கு மேல் ஓடிவிடுகின்றது. எஞ்சிய இடம் பிறேக்கிற்குப் போதாது. சிறுவனை அடையும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றர். அறுபதில் வந்த கார் அவன்மேல் மோதும் வேகம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஐந்து கூடியதற்கு ஐந்தும், பத்துக் கூடியதற்குப் பத்துமாக மோதல் வேகம் கூடும் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. பிறேக் பிடித்தலில் வேகத்தின் பெரும்பகுதி கடைசிச் சில மீற்றர்களிலேயே குறைகின்றது. அச்சில மீற்றர்களையே சிறு மீறல் தின்றுவிடுகின்றது. ஒரு நாட்டின் வீதிகளிற் சராசரி வேகம் நூற்றுக்கு 1 உயருமாயின் உயிர்ச்சேத விபத்தின் அபாயம் நூற்றுக்கு 4 உயரும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இதனோடு ஒத்ததே.

இவ்வபாயத்தை விலையாகக் கொடுத்துச் சாரதி பெறுவது யாது? மூன்று கிலோமீற்றர்த் தூரத்தை ஐம்பதிற் கடக்க 3 நிமிடம் 36 நொடி. அறுபதிற் கடக்க 3 நிமிடம். தாம்போதி அளவான தூரத்தில் இலாபம் 36 நொடி. மன்னாரிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். எழுபதில் 24 நிமிடம், எண்பதில் 21 நிமிடம். அதுவும் வழியில் மாடு, பேருந்து, புகையிரதக் கடவை ஒன்றுமே இடைப்படாத போது. மிச்சமான மூன்று நிமிடமும் தலைமன்னார்த் தேநீர்க் கடையில் ஒரு கோப்பை ஆறுவதற்குள் கழிந்துவிடும்.

ஆகவே தண்டித்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்பகுதி மக்களுக்குத் தண்டத்தின் பாரம் பணத்தில் மட்டும் இல்லை. வழக்கமான முறைப்படி பொலிஸார் தண்டப் பத்திரத்தைக் கொடுத்துச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொள்வர். 14 நாட்களுள் அஞ்சலகத்திற் பணத்தைச் செலுத்துதல் வேண்டும். தவறின் 28ஆம் நாள் வரை இருமடங்கு. அதன் பின் நீதிமன்றம். பணம் கட்டியபின் பற்றுச்சீட்டோடு தண்டம் விதித்த பொலிஸ் நிலையத்துக்கே சென்று அனுமதிப்பத்திரத்தை மீட்டல் வேண்டும். பேசாலையில் ஏற்றிய மீன் கெடுமுன் பேலியகொடைச் சந்தையை எட்ட இரவெல்லாம் ஓடும் சாரதி அநுராதபுரத்துக்கு அருகிலோ புத்தளத்துக்கு அருகிலோ பிடிபட்டால், ஒரு நாட் கூலியை இழந்து மீண்டும் அங்கே போதல் வேண்டும். கொழும்பு வாசிக்கு அரைமணி நேர அலைச்சலாவது இவனுக்கு ஒரு பகற்பொழுது. ஒரே குற்றத்துக்கு ஒரே தொகையை விதித்து, வெவ்வேறு தண்டனையை வழங்குவதாக இது முடிகின்றது. 2025இல் தொடங்கப்பட்ட கவ்பே என்னும் முறை, தண்டத்தை அவ்விடத்திலேயே கைபேசியாற் செலுத்தி அனுமதிப்பத்திரத்தை உடனே பெறுதற்கு வழிவகுத்தது. சில வீதிகளிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய அம்முறையால் அதிகம் நன்மை பெறத்தக்கோர் இத்தகைய தொலைவிடத்துச் சாரதிகளே.

தானாக இயங்கும் கமெராவினால் வேறொரு சிக்கல் உண்டு. கொழும்பு நகரில் 2024 ஜனவரி முதல் கமெராப் பதிவுகளைக் கொண்டு வீதிக் குற்றங்களைத் தண்டிக்கத் தொடங்கினர். கமெரா சாரதியை அறியாது. இலக்கத்தகட்டை மட்டுமே அறியும். பெயர் மாற்றப்படாமலே இரண்டு மூன்று கைகள் மாறிய வண்டிகள் இந்நாட்டில் ஏராளம். அவ்வழக்கம் நீங்காதவரை, மன்னாரில் ஒருவன் விரைந்ததற்கான பத்திரம் குருநாகலில் உள்ள பழைய உரிமையாளரின் வாசலைத் தட்டும்.

தொகையை உயர்த்தினாற் குற்றம் குறையும் என்பது அரசுகளின் பொதுவான நம்பிக்கை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், மிகைவேகம் உட்பட ஏழு குற்றங்களுக்கு ஆகக் குறைந்த தண்டம் 25,000 ரூபா என்று முன்மொழிந்தது. தனியார் பேருந்துகள் டிசம்பரில் வேலைநிறுத்தஞ் செய்தன. ஐம்பத்தெட்டில் ஓடியவனையும் நூற்றிருபதில் ஓடியவனையும் ஒரே தொகை நெருக்குமாயின், இருவருள் முதலாமவனே தனக்கு அநீதி நேர்ந்தது என்பான். அவன் கூற்று பொய்யாகாது. பின்லாந்து தேசத்தார் 1921 முதல் வேறொரு வழியைக் கையாளுகின்றனர். அங்கே பெருங்குற்றத்துக்குத் தண்டம் குற்றவாளியின் நாள் வருமானத்தைக் கொண்டு கணிக்கப்படும். வேகவரம்பைச் சிறிது மீறியோர்க்கோ குறித்த ஒரு சிறுதொகையே. பெரிய மீறலிற் செல்வனும் வறியனும் ஒத்த வலியை உணர்வர். சிறிய மீறலில் யாவர்க்கும் ஓர் எச்சரிக்கை.

இவ்விடத்தில், அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசாண்டவன் என்று மகாவமிசம் கூறும் எல்லாளனைப் பற்றிய இரு செய்திகள் நினைத்தற்குரியன. இரண்டும் தேரோட்டத்தால் விளைந்த குற்றங்கள். அரசகுமாரன் தேரிற் செல்லுகையில் வழியிற் கிடந்த இளங்கன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு மணியை அசைத்தது. அரசன் தன் மகனை அதே சக்கரத்தினாற் கொல்வித்தான். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையாகத் தமிழகமும் இதனை அறியும். மற்றைச் செய்தி அத்துணைப் பரவியதன்று. எல்லாளன் மிகிந்தலை மலைக்குச் சென்று மீளுகையில், அவனுடைய தேரின் நுகக்கோடி ஒரு தூபியிற் பட்டு அதனைச் சிதைத்தது. அமைச்சர் அதனைச் சுட்டிக்காட்ட, அவன் தேரினின்று இறங்கி வீதியிற் படுத்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு பணித்தான். அமைச்சர் அதனை ஏலாது, தூபியைத் திருத்திக் கொடுத்தலே தக்கது என்றனர். பெயர்ந்த கற்கள் பதினைந்து. அவற்றை மீண்டும் அமைத்தற்கு அவன் செலவிட்டது 15,000 ககாபணம். கன்றின் கதையை மேடைதோறும் போற்றுவோர் தூபியின் கதையையும் உடன் கூறுதல் நன்று. அறியாது செய்த சிறு பிழைக்குத் தலையை வாங்குதல் தகாது. பிழையென்று ஒன்றுமே இல்லாததுபோற் செல்லுதலுந் தகாது. அளவறிந்த ஓர் ஈடு வேண்டும் என்று தீர்ந்த வழக்கு அது.

அளவறிதல் தொகையில் மட்டுமன்றி இடத்திலும் வேண்டும். வேகங் காணுங் கருவியை எங்கே நிறுத்துவது? மக்களற்ற நெடுவெளியில் நிறுத்தினால் அகப்படுவோர் மிகுவர். ஏனெனில் அங்கேதான் கால் தானே அழுந்தும். ஊர்முகப்பில் நிறுத்தினால் அகப்படுவோர் குறைவு. காக்கப்படும் உயிர்கள் மிகுதி. விடத்தல்தீவுக்கு அப்பால் ஆளில்லா வெளியில் எழுபத்தாறில் ஓடியவனிடம் வாங்கிய தண்டமும், பேசாலைப் பாடசாலை விடும் நேரத்தில் ஐம்பத்தாறில் ஓடியவனிடம் வாங்கிய தண்டமும் கணக்கேட்டில் ஒன்றாகத் தோன்றும், வீதியில் ஒன்றல்ல. பிரித்தானியாவில் 2001ஆம் ஆண்டின் இறுதியில், கமெராக்கள் தொலைவிலேயே தெரியும்படி மஞ்சள் வண்ணம் பூசப்படல் வேண்டும் என்று முடிவு செய்தனர். ஒளிந்திருந்து பிடிப்பதற்கன்று, அவ்விடத்தில் வேகத்தைக் குறைப்பிப்பதற்கே கருவி என்பது அதன் கருத்து. அக்கருத்தைக் கொள்ளின் இப்பகுதியிற் கருவிக்குரிய இடங்கள் தாமே விளங்கும். தாம்போதி முடிந்து நகரந் தொடங்கும் வாயில், முருங்கன் கடைத்தெரு, தாராபுரம், எருக்கலம்பிட்டிச் சந்திகள், பேசாலை ஊர்நடு, சிவராத்திரி நாட்களில் அடியார் நடந்து செல்லும் திருக்கேதீச்சரத்து வீதிமுகப்பு, ஆவணி விழாக்காலத்து மடு வீதிச் சந்தி ஆகியன அவற்றுட் சில. தலைமன்னாரில் 2021 மார்ச்சு 16ஆம் நாள் பேருந்தும் புகையிரதமும் மோதி ஒரு மாணவன் உயிரிழந்து பலர் காயமுற்றமை வேகவரம்பைப் பற்றிய வழக்கன்று. எனினும் கடவைகளை அணுகும் வீதிப்பகுதி எத்துணை விழிப்பை வேண்டுவது என்பதை அது காட்டிற்று.

மேலே காட்டிய 28 மீற்றர்க் கணக்கு உலர்ந்த, தூய வீதிக்கு உரியது என்பதும் மறத்தற்குரியதன்று. தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் தீவின் மணல் வீதியோரங்களிற் படிந்து கிடக்குமாயின், ரயரின் பிடிப்புப் பாதியாகக் குறைதல் கூடும். அப்பொழுது ஐம்பதில் வரும் கார் நிற்பதற்கு வேண்டிய தூரம் 28 மீற்றரன்று. ஏறத்தாழ 41 மீற்றர். அத்தகைய இடத்தில் ஐம்பது என்ற வரம்பே மிகுதி. கருவியோடு நிற்கும் பொலிஸாருக்கு முன்னர் அங்கே வேண்டுவது மணலை அகற்றும் வீதி அதிகார சபையின் தொழிலாளரும், அக்காலத்துக்குரிய குறைந்த வேகத்தைக் காட்டும் ஒரு பலகையுமாம்.